பொறியியலை விட்டுவிடட்டுமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

உன் கடிதத்தை ஆற அமரப் படித்தேன். மூன்றாம் ஆண்டுப் பாதியில் தொழிலகப் பொறியியலை விட்டுவிட்டு ஆங்கில இலக்கியம் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஆங்கிலத் தாள்கள் முதல் ஆண்டோடு முடிந்துபோனதிலிருந்து வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை என்கிறாய். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘மனிதர்களை நொடிக்கணக்கில் அளக்கிற படிப்பு எனக்கு வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை என்னால் அப்படியே விட முடியவில்லை. இந்தத் திருப்பூரில் இத்தனை வருடமாக அந்த நொடிக்கணக்கில்தான் உன் அம்மா வீட்டை நடத்தியிருக்கிறாள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தை முடி. ஆங்கிலத்தையும் விடாதே. இரண்டில் ஒன்றுதான் உனக்கு என்று யார் சொன்னாலும் நம்பாதே.

ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து இலக்கு வைக்கிற டைம் ஸ்டடியைத்தான் நீ வெறுக்கிறாய், அதையே எடுத்துக்கொள். பாடத்தில் அதைச் சூத்திரமாகப் படித்திருப்பாய். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் தையல் தளத்தில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஓவர்லாக் மெஷினில் டி-ஷர்ட்டுக்குக் கைப்பகுதியைத் தைக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நிற்கிறேன். சராசரியாக 30 நொடி வருகிறது. அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. அவள் எந்த வேகத்தில் தைத்தாள் என்று நான் மதிப்பிட வேண்டும். அதுதான் ரேட்டிங். மெதுவாகத் தைத்தாள், 80 சதவீதம் என்று எழுதினால் 30 நொடி 24 ஆகிறது. களைப்புக்கும் தண்ணீர் குடிக்கப் போவதற்குமாக 15 சதவீதம் சேர்த்தால் 27.6 நொடி. அதே வேகத்தை இயல்பானது, 100 சதவீதம் என்று எழுதினால் 34.5 நொடி. எட்டு மணி நேர ஷிப்டுக்கு முதல் கணக்கில் இலக்கு 1,043 பீஸ். இரண்டாவது கணக்கில் 834. பெண்ணும் மாறவில்லை, மெஷினும் மாறவில்லை, ஸ்டாப்வாட்சில் வந்த 30 நொடியும் மாறவில்லை. இருநூறு பீஸுக்கு மேல் கூடுவதும் குறைவதும் நான் எழுதும் ஒரே ஓர் எண்ணில் இருக்கிறது. அந்த எண்தான் அவள் மாலையில் நிமிர்ந்து வீட்டுக்குப் போவாளா, ஒடிந்து போவாளா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த எண்ணை எப்படி முடிவு செய்வது? எந்த மெஷினும் சொல்லாது. பக்கத்தில் ஆள் நிற்கிற பயத்தில் கை தடுமாறுகிறதா, இலக்கை ஏற்றிவிடுவார்கள் என்று தெரிந்தே மெதுவாகத் தைக்கிறாளா, துணி வழுக்குகிறதா, ராத்திரி முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சலா என்று முகத்தையும் கையையும் பார்த்து, நாலு வார்த்தை பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பார்க்கத் தெரியாதவர்கள் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுமையான பொருள்தான், நீ சொல்வது சரி. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். அதன் பிறகு, ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் ஆய்வுக்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று அந்த நாட்டு நாடாளுமன்றமே தடை போட்டது. அந்தத் தொழிலாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உன் கோபமும் அவர்கள் கோபமும் ஒன்றுதான். அந்தக் கோபம் உள்ளவர்கள் இந்தத் துறையை விட்டுப் போய்விட்டால் ஸ்டாப்வாட்ச் யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பார்.

நாவலில் ஒரு பாத்திரம் சொல்லாமல் விட்டதையும் நீ கண்டுபிடித்துவிடுகிறாய் என்று உன் ஆங்கிலப் பேராசிரியை பாராட்டியதாக எழுதியிருந்தாய். ரேட்டிங் போடுகிறவருக்கு வேண்டிய கண் அதுதான்.

லில்லியன் கில்பிரெத் என்ற பெயர் உன் பாடப் புத்தகத்தில் கணவர் பெயரோடு சேர்ந்து ஒரு வரியில் வந்திருக்கும். கணவர் ஃபிராங்க், கொத்து வேலையில் தொடங்கி, ஒரு செங்கல் வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்தவர். அவரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அந்த அம்மாளைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் படித்தது ஆங்கில இலக்கியம். 1900இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டம், 1902இல் முதுகலை. முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்தாளர் பென் ஜான்சனின் நாடகம். 1904இல் திருமணம். பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றார். நடுவில் 1915இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். நிர்வாகத்தில் மனித மனத்தின் இடம் என்ன என்று அவர் எழுதிய புத்தகம் 1914இல் வந்தபோது, எழுதியது பெண் என்று தெரியாதபடி முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள்.

1924இல் ஃபிராங்க் திடீரென்று இறந்துபோனார். ஒப்பந்தம் போட்டிருந்த கம்பெனிகள் பல விலகிக்கொண்டன. அந்த அம்மாள் ஒடுங்கிப்போகவில்லை. கடைகளில் வேலை செய்யும் பெண்களின் களைப்பைப் பற்றியும், சமையல் மேடையின் உயரத்தைப் பற்றியும் ஆராய்ந்தார். அடுப்படி எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெண்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும், ஃபிரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. 1935இல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 1965இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமியின் முதல் பெண் உறுப்பினரானார். ஸ்டாப்வாட்சால் வேலையை அளக்கும் டெய்லர் என்பவருடைய முறையின் கவனமெல்லாம் நேரத்தில் இருந்தபோது, அவர் தொழிலாளியின் களைப்பைப் பற்றிப் பேசினார். இலக்கியம் படித்ததால்தான் அப்படி யோசித்தார் என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்கு அந்த நம்பிக்கை உண்டு.

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். நான் தமிழ் வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து வந்தவள் என்பது உனக்குத் தெரியும். முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே பீஸ் பார்ப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் சாயங்காலத்துக்குப் பிறகு கால் வீங்கிவிடும். உட்கார நாற்காலி வேண்டும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். பக்கம் பக்கமாக வரைபடங்கள். நிர்வாகத்தில் யாரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. நான் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த நேரத்துக்குப் பிறகு பழுதுள்ள பீஸ்கள் அவர்கள் கண்ணில் படாமல் போகின்றன, அவை வெளிநாட்டுப் பார்ட்டியிடம் போய்த் திரும்பி வந்தால் செலவு என்ன, நாற்காலிக்கு என்ன செலவு. இவ்வளவுதான். அந்த மாதமே நாற்காலிகள் வந்தன. கணக்கு இரண்டு அறிக்கையிலும் ஒன்றுதான். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று தெரிந்து எழுதியதால் பலித்தது. இதைத் தேடித் தேடி அகராதி வைத்துக்கொண்டு நான் கற்றேன். உனக்கு இயல்பாக வருகிறது. அதை நேர்காணலில் பேசிக் காட்டுவதற்கு மட்டும் என்று நினைக்காதே.

உன் மாமா ‘இங்கிலீஷ் படித்து என்ன செய்யப் போகிறாள்’ என்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பட்டம் முடித்த பிறகும் ஆசை இப்படியே இருந்தால் எம்.ஏ. ஆங்கிலம் படி. இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம் பெற்றவரும் அதில் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். கட்டணம் என் பொறுப்பு. அப்போது நீ முழு நேரமாக அந்தப் பக்கமே போய்விட்டாலும் நான் தடுக்க மாட்டேன். பாதியில் எழுந்து போவதற்குத்தான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போதைக்கு ஒரு வேலை செய். விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டுக்கு வரிசை நீள்கிறது என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிறாய். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியை வகுப்பில் நடத்தியிருப்பார்கள்: ஆட்கள் வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வரிசையில் சராசரியாக எத்தனை பேர் என்று தெரியும். நிமிடத்துக்குப் பத்துப் பேர் வந்து, ஒவ்வொருவரும் 12 நிமிடம் காத்திருந்தால் வரிசையில் எந்த நேரமும் சராசரியாக 120 பேர் இருப்பார்கள். ஒரு வாரம் போய் நின்று அளந்து பார். எங்கே தேங்குகிறது? தட்டு எடுக்கும் இடத்திலா, குழம்பு ஊற்றும் இடத்திலா? பரிமாறும் அக்காக்களிடமும் கேள், அவர்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். பிறகு வார்டனுக்கு ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுது. கொடுப்பதற்கு முன் உன் ஆங்கிலப் பேராசிரியையிடம் ஒரு பிரதி காட்டு, எனக்கும் ஒன்று அனுப்பு. வரிக்கு வரி படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா