முன் லாக்கரைப் பரிந்துரைக்கும் முன்: ஆஃப்ரோடு ஒருங்கிணைப்பாளர்களுக்கும் மார்ஷல்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் புதிதாக வண்டி வாங்கியவர்கள் உங்களிடம் வந்து கேட்கிற கேள்வி இது: "அண்ணா, மஹிந்திரா தாருக்கு முன்னாடியும் லாக்கர் போட்டுடலாமா?" (லாக்கர் என்றால் இடது, வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டி ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் கருவி.) பெரும்பாலும் நீங்கள் சொல்லும் பதில்: "போட்டுடு தம்பி, அப்புறம் எங்கயும் நிக்காது." அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வார்த்தையை நம்பி லட்ச ரூபாய் கணக்கில் செலவு செய்கிறார்கள். அதில் பலருக்கு அந்த லாக்கர் தேவையே இல்லை.

லாக்கர் என்ன செய்யும் என்று புதியவர்களிடம் நாம் பாதிதான் சொல்கிறோம். இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுப்புதான் டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுற்றவைக்கப் போதுமான சொற்ப விசைதான் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும், வண்டி நின்றுவிடும். லாக் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், பிடிமானம் உள்ள பக்கத்துக்கு அந்த ஆக்ஸிலின் (சக்கர ஜோடியை ஓட்டும் அச்சின்) மொத்த விசையும் போகும். இது எல்லாரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது, பாதிச் சுமை மட்டும் ஏறிவந்த ஒரு பக்கத்து ஷாஃப்ட் இப்போது முழுச் சுமையையும் தனியாகத் தாங்குகிறது என்பதை. பின்னால் அது நேராகக் கிடக்கும் கனமான இரும்புத் தண்டு, தாங்கிவிடும். முன்னால் அதே சுமை, சக்கரம் திரும்பியிருக்கும்போதும் விசையைக் கடத்தும் சிவி ஜாயிண்ட் என்ற மூட்டு வழியாகப் போக வேண்டும். ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க அந்த ஜாயிண்ட் தாங்கும் சுமை குறைந்துகொண்டே போகும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளி. வண்டி ஒரு செங்கோணத் திருப்பம் எடுத்தால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். லாக் போட்டிருந்தால் இரண்டும் ஒரே அளவுதான் சுற்றும். அந்த இரண்டு மீட்டரை டயர் எங்காவது வழுக்கித்தான் சரிக்கட்ட வேண்டும். சேற்றிலும் மணலிலும் வழுக்கிவிடும். பாறையில் வழுக்க இடமில்லை, ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் கையை மீறி நேராக வருவதும் இதனால்தான்.

இதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே வண்டி சிக்கியிருந்தது, முன் லாக் போட்டிருந்தது, ஸ்டீயரிங் வலப்பக்கம் முழுசாக ஒடித்திருந்தது. தடத்தில் வழிகாட்டும் மார்ஷல், "கொடு, கொடு, விடாதே" என்று கத்தினார். ஓட்டியவரும் கொடுத்தார். 'டக்' என்று ஒரே சத்தம். முன் சக்கரம் நின்றுவிட்டது, இன்ஜின் மட்டும் உறுமியது. குனிந்து பார்த்தால் சிவி பூட் (ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, கருப்பு கிரீஸ் பாறையில் வழிந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை நேராக்கி அரை அடி பின்னால் எடுத்திருந்தால் தாண்டியிருக்கக்கூடிய இடம் அது.

முன் லாக்கே வீண் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் உயரப் பாறைப் படியில் முன் சக்கரங்கள் முட்டி நிற்கும்போது, பின் ஆக்ஸில் எவ்வளவு தள்ளினாலும் வண்டியைப் பாறைச் சுவரோடு அழுத்தத்தான் முடியும். அங்கே இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து கவ்வி ஏறினால்தான் வேலை நடக்கும். இன்னொரு இடம், ஏறமுடியாமல் போன சரிவில் ரிவர்ஸில் மேலே எடுக்கும் நேரம். அப்போது முன் ஆக்ஸில்தான் கீழ்ப்பக்கம் இருக்கும், எடையும் அதன்மேல்தான் இருக்கும். ஆனால் நம் நிகழ்வுகளில் அதிகம் வருவது நேரான ஏற்றம்தான். ஏற்றத்தில் எடை பின்னால் போய்விடுகிறது, முன்பக்கம் லேசாகிவிடுகிறது. அங்கே பின் லாக் செய்கிற வேலையில் பாதியைக்கூட முன் லாக் செய்யாது. பக்கவாட்டுச் சரிவில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக வழுக்க ஆரம்பித்தால், மூக்கு அப்படியே பள்ளத்தை நோக்கி இறங்கும். கரிசல் சேறு டயர் பட்டன்களை அடைத்துவிட்டாலோ எந்த லாக்கரும் உதவாது, நான்கு சக்கரமும் சேர்ந்து வெறுமனே சுற்றும்.

வண்டி செய்கிறவர்களே இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் முதலில் முன், பின் ஆக்ஸில்களை இணைத்துப் பூட்டும் நடு லாக், அப்புறம் பின், கடைசியாகத்தான் முன். டொயோட்டா லேண்ட் குரூசர் 80-ல் திருகும் சுவிட்சும் பின் லாக்கைத் தாண்டித்தான் முன் லாக்குக்குப் போகும். நம்மூர் ஃபோர்ஸ் கூர்க்காவில் கம்பெனியிலிருந்தே முன்னும் பின்னும் லாக் வருகிறது, இரண்டுக்கும் தனித்தனி லீவர். அதாவது, முன் லாக்கை எப்போது போடுவது என்று ஓட்டுகிறவர்தான் தீர்மானிக்கிறார். அதையும் மீறி ஒருவருக்கு முன் லாக்கர் வேண்டும் என்றால், காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏஆர்பி போல சுவிட்ச் போட்டு விடுவிக்கக்கூடியதையே சொல்லுங்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையை முன் ஆக்ஸிலுக்குச் சொல்லாதீர்கள்.

2020-ல் வந்த தாரில் பின்பக்கம் மெக்கானிக்கல் லாக் உள்ள மாடல் வைத்திருப்பவர்களில் பலர் அதையே இன்னும் முழுசாகப் பயன்படுத்தவில்லை. இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டும். சக்கரம் சுற்றியதும் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பூட்டாது. வெறுமனே சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து வேலை செய்யும் மாருதி ஜிம்னியின் முறைக்கும் இதே பொறுமை வேண்டும். மிதமாகக் கொடுத்துக்கொண்டே ஒரு நொடி காத்திருக்க வேண்டும். 30 பிஎஸ்ஐ-க்கு மேல் இருக்கும் டயர் காற்றழுத்தத்தை 18, 20-க்கு இறக்கினாலே பாதிப் பேருக்கு லாக்கர் கேள்வி மறந்துபோகும். மிச்சக் காசுக்கு சிக்கிய வண்டியை இழுக்க நல்ல வின்ச் வாங்கலாம்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. பாறைப் படியை ஒட்டியே கூர்மையான திருப்பம் வைக்காதீர்கள், படி தாண்டியதும் ஒரு வண்டி நீளமாவது நேர்த் தடம் இருக்கட்டும். மார்ஷல்கள் வெறுமனே "லாக் போடு" என்று கத்த வேண்டாம். "ஸ்டீயரிங் நேரா" என்பது முதலில் வரட்டும், எந்த லாக் என்பது அடுத்து, தாண்டியதும் "முன் லாக் எடு" என்பதும் கட்டாயம் வரட்டும். அப்புறம், காலை பிரீஃபிங்கில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சரளை மண்ணில் லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக விசையோடு ஓடும் கியரில்) முன் லாக் போட்ட வண்டியைப் புதியவர்கள் கையில் கொடுத்து, மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு வண்டி வேண்டுமென்றால் என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நிகழ்வுகளுக்கு வந்துபோகும் ஓட்டுநர்களில் ஒருவன்