ஸ்டேஷன் வாசலுக்குச் சின்ன பஸ் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்ரோ நிலையங்களிலும் புறநகர் ரயில் நிலையங்களிலும் வண்டி நிறுத்த இடம் போதவில்லை, அடுக்குமாடி பார்க்கிங் கட்ட வேண்டும் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அவர் படும் கஷ்டம் எனக்கும் தெரியும். மேடவாக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கிளம்பி, ஒரு ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவள் நான். ஆனாலும் அவர் கேட்கும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில் நான் போய்ச் சேர எட்டே முக்கால் ஆகிவிட்டது. பார்க்கிங் வாசலில் இருந்தவர் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டார். உள்ளே இடமில்லை. எனக்கு முன்னால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருவில் வரிசையாக வண்டியை விட்டிருந்தார்கள். நானும் ஒரு வீட்டு மதிலோரம் நிறுத்திவிட்டுப் பூட்டினேன். அந்த வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். சண்டை போடவில்லை. "வீட்டுல உடம்பு முடியாதவங்க இருக்காங்கம்மா. அவசரத்துக்கு ஆட்டோ வந்தா நிக்க இடம் வேணாமா?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கே ஓட்டிப் போனேன். அன்றைக்கு ரயிலில் ஓர் ஆள் குறைவு, சாலையில் ஒரு வண்டி அதிகம்.

அடுக்குமாடி பார்க்கிங் வந்திருந்தால் அன்றைக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கும்தான். ஆனால் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் நாலு பேர் வண்டியை எடுப்பார்கள், அதுவும் நிரம்பும். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். அது உள்ளே வந்து திரும்பிப் போகும் வழிக்கு ஏறக்குறைய அதே அளவு இன்னொரு பங்கு. பெரும்பாலும் ஒரே ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காலையிலிருந்து இரவு வரை அந்தக் கார் அங்கேயே நிற்கும். அதே இடத்தில் 25 பேர் ஏறக்கூடிய ஒரு சின்ன பஸ் வந்து நின்று போகட்டும். அரை மணிக்கு ஒரு நடை என்றாலும், காலை ஏழிலிருந்து பத்துக்குள் ஆறு நடை, 150 பேர். நகரத்துக்குள் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் நிலத்தின் விலைக்கு எது பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

சின்ன பஸ் சென்னைக்குப் புதிதில்லை. பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களுக்காக 2013-லேயே மாநகர் போக்குவரத்துக் கழகம் சிற்றுந்துகளை விட்டது. பின்னாளில் சில மெட்ரோ நிலையங்களை ஒட்டியும் அவை ஓடின. நல்ல யோசனை. அதை நகரம் முழுக்கப் பெருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் வந்தன. அப்புறம் எங்கள் பக்கத்துப் பெரும்பாக்கத்திலிருந்தும் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. முழங்கால் வலியோடு இருக்கும் என் அம்மா யார் கையையும் பிடிக்காமல் அதில் ஏறுகிறார். அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு நீளமான பஸ் எங்கள் நகர்களின் உள்தெருக்களில் திரும்ப முடியாது. மெயின் ரோடு வரை நடந்தே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த நடை எப்படி இருக்கும் என்று பள்ளிக்கரணை, கோவிலம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பஸ் விட்டால் ஆள் ஏறுவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். மேடவாக்கம் கூட்ரோட்டில் காலையில் வந்து நின்று பாருங்கள். "வேளச்சேரி, வேளச்சேரி" என்று கூவும் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் இதற்கான பயணிகள்தான்.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டும் ஆசை ஒன்றும் இல்லை. பஸ் எப்போது வரும் என்று தெரியாததால்தான் வண்டியை எடுக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும், மெட்ரோவின் கடைசி ரயிலிலிருந்து இறங்கினாலும் ஒன்று நிற்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் நாளைக்கே சாவியை ஆணியில் மாட்டிவிடுவேன். என்னோடு ரயிலில் வரும் பெண்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது. ஒன்பது மணிக்குமேல் இறங்குகிறவளுக்கு வீடு வரை வழி இருக்கிறதா என்பதுதான் காலையில் அவள் வண்டியை எடுப்பதைத் தீர்மானிக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும் எல்லாச் சின்ன பஸ்ஸிலும் அந்தச் சலுகை இருந்தால் பெட்ரோல் செலவும் பார்க்கிங் செலவும் மிச்சம். மாதக் கடைசியில் அது பெரிய தொகை.

பார்க்கிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளாம்பாக்கம், பூந்தமல்லி, மாதவரம் போன்ற ஊர் எல்லைகளில் கட்டுங்கள், தாராளமாகக் கட்டுங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டு வாசல் வரை பஸ் விடுவது கஷ்டம். அவர்கள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் வரட்டும். நகரத்து நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இடம் ஒதுக்கினால் போதும்.

இணைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். பாதையை அதுவரை நீட்டும் வேலை பதினைந்து வருடங்களுக்கும் மேல் இழுத்தது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும்.

பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் இணைத்துத் திட்டமிடும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் அந்தக் குழுமம் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். மிக நல்ல வேலை. அதே குழுமம் ரயில் வரும் நேரத்தையும் பஸ் கிளம்பும் நேரத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். அந்த நேரத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று தடங்கள், 118.9 கி.மீ., திட்டச் செலவு 63,246 கோடி ரூபாய். அதில் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் எங்கள் மேடவாக்கம் வழியாக வருகிறது. அந்தத் தடத்தின் ஒவ்வொரு நிலைய வாசலிலும் இரண்டு சின்ன பஸ் வந்து நின்று திரும்ப இடம் விட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் ரயில் ஓடுவதற்கு முன்பே ஒதுக்கித் தர வேண்டும் என்று அதிகாரிகளை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேடவாக்கம், சென்னை.