முதியோர் குடியிருப்புல எங்களுக்கும் வேலை இருக்கு

ஆசிரியருக்கு வணக்கம். கோவை பக்கம் சீனியர் சிட்டிசன் குடியிருப்புங்க நிறைய வந்துருச்சு, நானும் அதுல ஒண்ணுல தான் இருக்கேன். பத்திரிகைல எங்கள பத்தி எழுதுறப்பல்லாம் பிள்ளைங்க விட்டுட்டு போன பாவப்பட்டவங்கன்னே எழுதுறீங்க, அது மனசுக்கு கஷ்டமா இருக்குங்க.

இங்க வந்து பாருங்க. நவம்பர் வந்தா மத்திய அரசு பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு ஆயுள் சான்று குடுக்கணும், அதுல 80 வயசு ஆனவங்க அக்டோபர் 1லயே குடுக்கலாம். வயசானா கைரேகை தேஞ்சு மெஷின்ல பதியவே மாட்டேங்குது, அதனால எங்க பிளாக்ல ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருத்தர் போன்ல, முகத்த காட்டியே ஆயுள் சான்று குடுக்குற ஜீவன் பிரமாண் ஆப்ப போட்டுட்டு வீடு வீடா போறார், "அம்மா, கேமராவ பாருங்க, கண்ண ஒருதடவ சிமிட்டுங்க"ன்னு பொறுமையா சொல்லி முடிச்சு குடுத்துட்டு தான் நகர்வார். அவருக்கே முட்டி வலி. டீச்சரா இருந்தவங்க சாயங்காலம் ஹவுஸ்கீப்பிங் பொண்ணுங்களோட பசங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றாங்க.

ஆனா சில இடத்துல நிர்வாகம் "நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னு எல்லாத்தையும் தடுத்துடுறாங்க, அது ரொம்ப தப்புங்க. சமையல் மெனு, லைப்ரரி, தோட்டம்னு எங்க கைல குடுங்க.

காலேஜ் பசங்களும் பழம் குடுத்து போட்டோ எடுத்துட்டு போறதுக்கு பதிலா வாரம் ஒருதடவ வந்து உக்காந்து பேசட்டும். அப்புறம் முதியோர் உதவி எண் 14567, இத உங்க பேப்பர்ல அடிக்கடி போடுங்க, நிறைய பேருக்கு தெரியல.

- ஒரு வாசகி, கோவை