காலாண்டு முடிகிறது: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தருகிறோம். இந்தப் பருவத்தில் நம் பிள்ளைகள் பேச்சு, ஓவியம், ஓட்டம் என்று எல்லாவற்றிலும் கலந்துகொண்டு பரிசும் வாங்கியிருக்கிறார்கள். சுதந்திர தின விழா சிறப்பாக நடந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறார்கள். தினமும் போய்த் தோண்டிப் பார்க்காமல் இருந்தால் முளைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்குப் போகிற வீடுகளில் முதல் பருவக் கட்டணம் தள்ளிப்போனது. பெரும்பாலோர் ஆகஸ்டுக்குள் கட்டிவிட்டீர்கள். நன்றி.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். இது மழலை வகுப்பைப் பற்றியது, இரண்டரை வயதிலும் மூன்று வயதிலும் நம்மிடம் வந்திருக்கிற சின்னஞ்சிறுசுகளைப் பற்றியது. பெரிய வகுப்புப் பெற்றோர்கள் இதோடு காகிதத்தை மடித்து வைத்துவிடலாம். ஆனால் வீட்டில் தவழுகிற பிள்ளை ஒன்று இருந்தால் தயவுசெய்து மேலே படியுங்கள்.

பிள்ளைகளின் பையில் பொம்மை வருகிறது. முன்பும் ஒன்றிரண்டு வரும், நாங்களும் கண்டுகொள்ளவில்லை. ஆடி அமாவாசைக்கு அப்புறம்தான் கூடிப்போனது. சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் திதி கொடுக்கப் போனவர்கள் வரும் வழியில் பிள்ளைக்கு ஒரு லைட் எரியும் பொம்மை வாங்கியிருக்கிறீர்கள். அதே சமயத்தில் துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வந்த வாப்பாமார் பெட்டி நிறையக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் டீச்சர் எல்லாவற்றையும் வாங்கி மேசைமேல் வைத்தார். ரிமோட் கார் மூன்று, பாடும் வாத்து இரண்டு, துப்பாக்கி ஒன்று, கண் சிமிட்டும் பொம்மை ஒன்று, பெயர் தெரியாத சாமான் நான்கு. வகுப்பில் இருப்பது இருபத்திரண்டு பிள்ளைகள். அன்று காலை முழுக்க டீச்சரும் ஆயாம்மாவும் சண்டைதான் விலக்கினார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து வந்த வாப்பா கையில் கொடுத்த காரைப் பிள்ளை ஒரு நிமிஷம்கூடக் கீழே வைக்காது. அவர் திரும்பிப் போன பிறகு தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கும். இது எனக்குப் புரியாமல் இல்லை. காலையில் அழுகிற பிள்ளையை வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு பொம்மையைக் கையில் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியாத அம்மாக்களையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் இரண்டு பிள்ளை வளர்த்தவள்தான்.

ஆனால் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மதியம் பாய் சுருட்டும்போது ஆயாம்மா கையில் ஒரு பொத்தான் பேட்டரி அகப்பட்டது. பாடும் வாத்தின் அடிமூடி கழன்று விழுந்திருக்கிறது. அந்த மூடிக்குத் திருகாணி கிடையாது, வெறும் கொக்கிதான். அதற்குள் இருக்க வேண்டிய பேட்டரி மூன்று, கையில் கிடைத்ததோ ஒன்று. மற்ற இரண்டையும் தேடிக் கண்டுபிடிக்கும் வரை இருபது நிமிஷம் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஒன்று செருப்பு அலமாரிக்கு அடியில் கிடந்தது. இன்னொன்றை ஒரு பிள்ளை உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தது. அந்த வாத்தை வகுப்புக்குள் விட்டது எங்கள் தவறும்தான்.

விழுங்கிவிட்டால் மறுநாள் வெளிக்குப் போகையில் வந்துவிடும் என்று சிலர் சொன்னீர்கள். காசு என்றால் பல நேரம் வந்துவிடும். பேட்டரி அப்படி இல்லை. அது உணவுக்குழாயில் சிக்கினால், அங்கே இருக்கிற ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கிவிடும். லைட் எரியாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. எச்சில் ஒழுகும், இருமும், சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். நாம் சளி என்று நினைத்துக்கொண்டிருப்போம். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோற்றை உருட்டிக் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பொம்மையின் அட்டையையோ இன்னொரு பேட்டரியையோ கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

இந்தியாவில் விற்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2021 ஜனவரி 1 முதல் விதி இருக்கிறது. திருவிழாக் கடையில் சாக்கு விரித்து விற்கிற பொம்மையில் அதைத் தேடிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதில் அந்த முத்திரை இருக்காது. அதனால் பேட்டரி மூடி திருகாணி போட்டதா என்பதையாவது பாருங்கள். சக்கரம், கண், மூக்கு இழுத்தால் கையோடு வருகிறதா என்றும் பாருங்கள். சின்னக் காந்தம் வைத்த பொம்மை இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டுகிற குடலை ஓட்டையாக்கிவிடும்.

இன்னொரு விஷயம். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மாதம் ஒரு மஞ்சள் காரின் சக்கரம் காணாமல் போனது. விலை உயர்ந்த கார் என்று சொன்னார்கள், இருக்கலாம். அதற்காக வாசலில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, ஆயாம்மாவிடம் “உன் பேரனுக்குக் கொண்டுபோனியா?” என்று கேட்டது சரியில்லை. இந்தப் பள்ளியில் பதினான்கு வருஷமாக உங்கள் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறவர் அவர். மூத்த வகுப்பில் படிக்கிற பலருக்குக் கழிப்பறைக்குப் போகப் பழக்கிக் கொடுத்ததே அவர்தான். புகார் இருந்தால் என் அறைக்கு வாருங்கள், நாற்காலி போட்டுக் கேட்கிறேன். வாசலில் வைத்து ஊழியர் யாரையும் இப்படிப் பேசினால், அன்றைக்கே அந்தப் பிள்ளையின் பெற்றோர் இருவரையும் அழைத்துப் பேசவேண்டி வரும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதை இத்தோடு விடுகிறேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து மழலை வகுப்புக்குக் கடை பொம்மை எதையும் அனுப்ப வேண்டாம். மறந்து வந்துவிட்டால் பெயர் எழுதி அலுவலக அலமாரியில் வைப்போம். மதியம் அழைத்துப் போக வரும்போது வாங்கிக்கொள்ளலாம். உடைந்தாலும் தொலைந்தாலும் பள்ளி பொறுப்பேற்காது.

ஒன்றுக்கு மட்டும் தடை இல்லை. சில பிள்ளைகள் அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றை மூக்கோடு வைத்துக்கொண்டால்தான் அடங்குவார்கள். அப்பா கடலுக்குப் போகிற நாளெல்லாம் அவருடைய கைலியைச் சுருட்டி எடுத்துவருகிற பையன் ஒருவன் இருக்கிறான். அதையெல்லாம் நாங்கள் வாங்கி வைக்க மாட்டோம். அழுக்காக இருக்கிறதே என்று துவைத்து அனுப்பவும் வேண்டாம், வாசனை போய்விட்டால் பிள்ளைக்கு அது வேறு துணி.

அப்படியானால் பிள்ளைகள் எதை வைத்து விளையாடுவார்கள் என்று கேட்பீர்கள். பொம்மைகளை மேசையில் வாங்கி வைத்த அந்தத் திங்கட்கிழமையே அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அழுகையை நிறுத்த வழி தெரியாமல் ஆயாம்மா தன்னுடைய மூன்றடுக்கு டிபன் கேரியரைக் கழுவிக் கொண்டுவந்து பாயில் வைத்தார். ஒரு பையன் இடைவேளை மணி அடிக்கும் வரை அதைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தான். பெரிய அடுக்கைச் சின்னதுக்கு மேல் வைத்தால் கம்பி மாட்டாது என்று கண்டுபிடிக்க அவனுக்கு அத்தனை நேரம் ஆயிற்று. மாட்டியதும் அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதே நேரத்தில் ஒரு பெண்பிள்ளை ஓலைக் கொட்டானில் மூடிகளை அள்ளிக்கொண்டு அந்த மூலைக்குப் போகிறாள், கொட்டுகிறாள், திரும்ப அள்ளுகிறாள். கடைக்குப் போய்வருகிறாள் என்றுதான் நினைத்தோம். பக்கத்தில் போய்க் கேட்டால், “நூறு, நூறு, நூத்தம்பது!” மீன் ஏலம் விடுகிறாளாம்.

ரிமோட் காரில் பொத்தானை அழுத்தினால் கார் ஓடும். பிள்ளை செய்ய வேண்டியது அங்கே முடிந்துவிடுகிறது. சிரட்டை அப்படியில்லை, கவிழ்த்தால் வீடு, நிமிர்த்தினால் சட்டி, இரண்டைத் தட்டினால் குதிரை. 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு பெற்றோரை விளையாட விட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். லைட் எரிந்து பாடுகிற பொம்மை இருந்தபோது பெற்றோரும் குறைவாகப் பேசினார்கள், குழந்தையும் குறைவாகவே குரல் கொடுத்தது. படப் புத்தகம் இருந்தபோது பேச்சு அதிகம். பொம்மைதான் பேசுகிறதே என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம் போல.

இங்கிலாந்தில் எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற கல்வியாளர் வீட்டுச் சாமான் விளையாட்டை ஒரு முறையாகவே வைத்திருந்தார். உட்காரப் பழகிய குழந்தைக்கு முன்னால் தாழ்வான கூடை ஒன்று, அதில் மரம், உலோகம், துணி என்று வீட்டுப் பொருள்கள், பிளாஸ்டிக் கிடையாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார், ஆனால் ‘இப்படிச் செய், அப்படிச் செய்’ என்று சொல்ல மாட்டார். நம்மால் முடியாதது அந்தக் கடைசி விஷயம்தான் என்று நினைக்கிறேன். டிபன் கேரியர் பையனிடம் நானே இரண்டு தடவை கையை நீட்டிவிட்டேன்.

நாமும் அப்படி ஒரு பெட்டி வைக்கப் போகிறோம். வீட்டுக்கு ஒரு பொருள் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நெளிந்த எவர்சில்வர் தூக்கு, மூடியோடு டப்பா, இட்லித் தட்டு, மத்து, சப்பாத்திக் கட்டை, தேய்த்து வழவழப்பாக்கிய சிரட்டை, சின்னச் சொளகு, ஓலைக் கொட்டான், நார்ப்பெட்டி எது வேண்டுமானாலும் அனுப்பலாம். சாயல்குடி பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஓலைக் கிலுகிலுப்பை ஒன்று முடைந்து வாங்கி வாருங்கள், உள்ளே போடுகிற கல் வெளியே வராதபடி இறுக்கமாக முடையச் சொல்லுங்கள். பாட்டி பெயர் வெட்டிய பாத்திரம் வந்தால் எனக்குத் தனிச் சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் சில பிள்ளைகள் முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து நுனி சேருங்கள். அந்த வட்டத்துக்குள் நுழைகிற எதுவும் இந்த வயதுப் பிள்ளை கையில் இருக்கக் கூடாது. சோழி, புளியங்கொட்டை, பாசிமணி எல்லாம் அதில் அடங்கும். கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம். மருந்துப் புட்டி, பினாயில் புட்டி, பவுடர் டப்பா காலியாக இருந்தாலும் வேண்டாம். பள்ளியில் அதை வைத்து விளையாடுகிற பிள்ளை வீட்டில் நிறைந்த புட்டியையும் திறக்கும்.

கடலுக்குப் போகிற வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். வலையில் கட்டுகிற பெரிய பிளாஸ்டிக் மிதவை நன்றாகக் கழுவி அனுப்பினால் நல்ல விளையாட்டுச் சாமான். தெர்மாகோல் மட்டும் வேண்டாம், கடித்துத் தின்றுவிடுவார்கள். ஆனால் வீச்சுவலை ஓரத்தில் கோர்க்கிற ஈயத்தைப் பிள்ளை கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். போன மாதம் ஒரு பிள்ளையின் சட்டைப் பையில் மூன்று குண்டு இருந்தது, ஒன்றில் பல் பதிந்த தடம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் வளர்கிற மூளையைப் பாதிக்கும். இவ்வளவு சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது. வலை பொத்துகிற இடத்தில் பிள்ளையை உட்கார வைத்திருந்தால் எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், ஈயம் தொட்டவரும் கழுவிக்கொள்ளுங்கள். அப்புறம், கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டை அழகாக இருக்கிறதென்று யாரும் அனுப்பிவிட வேண்டாம். அது கையைக் கிழிக்கும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்து வைத்திருப்பதும் குற்றம்.

பெட்டிக்கான பொருளைப் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் மழலை வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள். வருஷக் கடைசியில் திருப்பித் தந்துவிடுவோம், நெளிவு கொஞ்சம் கூடியிருக்கும்.

நீண்ட கடிதம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாத்தை அனுப்பிய அம்மா மறுநாளே வந்து, தன் வீட்டிலிருந்த பேட்டரி பொம்மை எல்லாவற்றின் மூடிக்கும் டேப் சுற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என் நன்றி. நேரத்துக்கு வந்து பிள்ளையை அழைத்துப்போகிறவர்களுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் நன்றி. விடுமுறையில் பிள்ளைகளைக் கடலில் தனியே இறங்க விடாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: மஞ்சள் காரின் சக்கரம் கிடைத்துவிட்டது. நேற்று மணல்தொட்டியைச் சலிக்கும்போது ஆயாம்மா எடுத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் இருக்கிறது, அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளவும்.