முதல் நாளில் பதினைந்து நிமிடம்: சிங்கப்பூர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவன உரிமையாளர்களுக்கும் மனிதவளப் பிரிவு மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

கப்பல் சரக்கு ஆவணங்களைத் தயாரிக்கும் வேலையில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். காலை எட்டரைக்குக் கணினியைத் திறந்தால் மாலை ஆறரை வரை அதன் முன்னால்தான். கப்பல் புறப்படும் நாளென்றால் இரவு ஒன்பதாகிவிடும். சரக்குச் சீட்டு, விலைப்பட்டியல், சுங்க அனுமதி என்று விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். விரும்பித்தான் செய்கிறேன். கொள்கலன் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் யாரோ ஒருவருடைய சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். அது நிற்காமல் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பெருமையும் உண்டு.

என் உயரம் 150 சென்டிமீட்டர். என் மேசையின் உயரம் 74 சென்டிமீட்டர். நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் வலது கை இரவில் மரத்துப்போக ஆரம்பித்தது. இரண்டு மணி, மூன்று மணிக்கு விழிப்பு வரும். கையை உதறினால் கொஞ்சம் குறையும். மறுபடி படுத்தால் மறுபடி வரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு ஒன்றுமே இல்லை. ஒரே விரலில் ஒரு பக்கம் உணர்ச்சி இருக்கிறது, மறுபக்கம் இல்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. ஒருநாள் காலையில் தோசைக்கல்லைத் தூக்கினேன். பிடி நழுவிக் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்றுதான் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன்.

மருத்துவர் ஒரு சின்னச் சோதனை செய்தார். கும்பிடுவதற்கு நேர்மாறாக, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் அந்த மூன்றரை விரல்களும் எரிந்தன. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் நடுவில் குகை போன்ற ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டு வளைந்தே இருந்தால் அந்த நரம்பு நசுங்குகிறது என்று விளக்கினார். அந்த நரம்பு சுண்டுவிரல் பக்கம் போவதில்லை. என் பாதி விரலுக்கும் விடை கிடைத்தது.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணினி மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. நீரிழிவு, தைராய்டு, கர்ப்பம் என்று இந்த நோய்க்குப் பல வழிகள் உண்டு. எனவே என் கையின் முழுப் பழியையும் யார்மீதும் போட நான் இந்த மடலை எழுதவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

கை சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட இடத்தில் இருந்த இளம் பெண், "அக்கா, நீங்கள் வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கொண்டு வாருங்கள்" என்றார். தோழி ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தோள்கள் இரண்டும் காதைத் தொடுவதுபோல் ஏறியிருந்தன. மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி, கைகளைப் பின்னோக்கி மடக்கித் தட்டிக்கொண்டிருந்தேன். தாடை முன்னால் நீண்டிருந்தது. கால்களோ தரையை எட்டாமல், நாற்காலியின் சக்கரக் காம்பைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. இத்தனை ஆண்டுகள் நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. என்னைத் தினமும் கடந்து போன எத்தனையோ பேரில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் செய்ததெல்லாம் மிகவும் எளியது. முழங்கை, விசைப்பலகையின் உயரத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றச் சொன்னார். அப்படி ஏற்றியதும் கால் அந்தரத்தில் தொங்கியது. அதற்கு அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏ4 தாள் கட்டுகள் இரண்டை நாடாவால் சேர்த்து ஒட்டிக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். 500 தாள் கொண்ட ஒரு கட்டு ஐந்து சென்டிமீட்டர் கனம். இரண்டும் சேர்ந்து பத்து. என் பாதம் முழுதாக ஊன்றியது. விசைப்பலகையின் பின்புறம் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை மடக்கிவிடச் சொன்னார். அவற்றை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு இன்னும் மேல்நோக்கி மடங்குமாம். எல்லோரும் அவை நிமிர்த்தி வைப்பதற்காகவே இருக்கின்றன என்று நினைக்கிறோம். மௌஸை எட்டிப் பிடிக்காமல் விசைப்பலகையை ஒட்டி வைக்கச் சொன்னார். திரையை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி, அதன் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி உயர்த்தினோம். நம் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. என் காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு தாள் கட்டுகளின் எடையும் அதேதான். அந்த எடையைக் கழுத்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் பின்கழுத்து நாள் முழுக்க அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாற்காலிக்கு அடியில், வலப்பக்கம், ஒரு நெம்புகோல் இருந்தது. நான்கு ஆண்டுகளாக உட்கார்ந்த நாற்காலி அது. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி விட உதவும் நெம்புகோல். நிறுவனம் நல்ல விலை கொடுத்துத்தான் அந்த நாற்காலியை வாங்கியிருக்கிறது. அதை இயக்க மட்டும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. இதுதான் என்னை வருத்துகிறது. செலவு செய்யாத நிறுவனத்திடம் எனக்குக் கேட்க எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம். செலவு செய்துவிட்டு, அதைப் பொருத்திக் காட்டும் கடைசிப் பதினைந்து நிமிடத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டும், பகலில் இப்படி உட்கார்ந்தும், இரண்டு மாதத்தில் தூக்கம் திரும்பியது. எல்லோருக்கும் இவ்வளவு எளிதில் சரியாகாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சை வரை போனது.

என் தம்பி கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். பாதுகாப்புப் பயிற்சியை முடிக்காமல் ஒரு தொழிலாளியைக்கூட வேலைக்கு இறக்க முடியாது என்பான். தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, அன்றைய வேலையில் என்ன ஆபத்து என்று பேசிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். தலைக்கவசத்தின் பட்டையைக்கூட இழுத்துப் பார்க்கிறார்கள். அவர்களுடைய ஆபத்து உயிரைப் பறிப்பது. என்னுடையதை அதோடு ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் அங்கே இருக்கும் ஒரு பழக்கத்தை நான் பொறாமையோடு பார்க்கிறேன்: பொருளைக் கொடுத்ததோடு நிற்காமல், அது அந்த மனிதருக்குப் பொருந்துகிறதா என்று ஒருவர் கண்ணால் பார்க்கிறார்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிற்சாலைக்கும் கட்டுமானத் தளத்துக்கும் மட்டும்தான் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2011 செப்டம்பர் முதல் அது எல்லா வேலையிடங்களையும் தழுவுகிறது; கம்பளம் விரித்த 20ஆம் மாடி அலுவலகமும் அதில் அடக்கம். அலுவலக மேசை, நாற்காலி, திரை, வெளிச்சம் பற்றி எஸ்எஸ் 514 என்ற சிங்கப்பூர்த் தரநிலையே இருக்கிறது. 2016இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். ஆகவே நான் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேரும் நாளில், நுழைவு அட்டையும் கடவுச்சொல்லும் கொடுக்கும் அதே காலையில், விவரம் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பதினைந்து நிமிடம் அவருடைய நாற்காலியையும் மேசையையும் திரையையும் அவர் உடலுக்குப் பொருத்திக் கொடுக்கட்டும். மேசை மாறினால், மூக்குக்கண்ணாடி மாறினால், கர்ப்பமானால், மறுபடி ஒருமுறை.

சுவரொட்டி ஒட்டியிருக்கிறோமே, மின்னஞ்சல் அனுப்பினோமே என்று சொல்வீர்கள். எங்கள் அலுவலகத்திலும் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. அதில் உள்ள ஆள் 170 சென்டிமீட்டர் உயரமாவது இருப்பார். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று அதிலும் எழுதியிருக்கிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவர் அதை அப்படியே செய்தார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டிருப்பவர் அவர். கிட்டத்தில் படிக்க உதவும் பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், உயர்ந்த திரையைப் படிக்கத் தாடையைத் தூக்கித் தூக்கி அவருக்குக் கழுத்துவலி வந்துவிட்டது. அவருக்குத் திரை தாழ்ந்து இருக்க வேண்டும். இதைச் சுவரொட்டி சொல்லாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவர்தான் சொல்வார். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மடிக்கணினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையும் விசைப்பலகையும் ஒட்டிக்கொண்டே இருக்கும் கருவி அது. திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை தூக்கிக்கொள்ளும், கைக்கு இறக்கினால் கழுத்து மடங்கும். கொவிட் கட்டுப்பாட்டால் 2020 ஏப்ரல் 7ஆம் தேதி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்தது அதை மட்டும்தான். அன்று வேறு வழி இல்லை. இன்றும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசையில், மர ஸ்டூலில் உட்கார்ந்து அதையேதான் குனிந்து பார்க்கிறார்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்காக அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும்போது தனி விசைப்பலகை ஒன்றையும் மௌஸ் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மடிக்கணினியை உயர்த்திவைக்க நாலு தடித்த புத்தகங்கள் அவர்கள் வீட்டிலேயே இருக்கும்.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்கார உடல் படைக்கப்படவில்லை. அரை மணிக்கு ஒருமுறையாவது எழ வேண்டும். திரையை உற்றுப் பார்க்கையில் நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துபோகிறது. ஏர்கான் காற்றும் சேர்ந்தால் மூன்று மணிக்கெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது விநாடி, இருபது அடி தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் எழுந்தால் அரட்டைச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுகிறது. "எங்கே போனீர்கள்?" என்று செய்தி வருகிறது. முன்பு எனக்கிருந்த ஒரு மேலாளர், இடத்தைவிட்டு அசையாமல் வேலை பார்ப்பவர் என்று கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார். அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்தப் புகழ்ச்சியைக் காப்பாற்றவே தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். தயவுசெய்து இனி யாரையும் அதற்காகப் புகழாதீர்கள். மேலாளர் முதலில் எழுந்து நடந்தால் மற்றவர்கள் தானாக எழுவார்கள்.

இடைவெளியின்றி ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 44 மணி நேரம் என்ற வேலை நியமனச் சட்டத்தின் விதிகள், உடலுழைப்பு அல்லாத வேலையில் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குபவர்களுக்குத்தான். கணினிமுன் இருக்கும் எங்களில் மிகப் பலர் அதற்கு வெளியே நிற்கிறோம். எங்கள் நேரத்துக்கு உங்கள் மனசாட்சிதான் எல்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 விழுக்காடு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து அறிவித்தன. அந்த எண்ணைப் படித்த அன்று என் ஒரு வாரத்தை விரல்விட்டு எண்ணினேன். 57.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1713இல், ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர் கணக்குப்பிள்ளைகளின் நோய்களுக்கு மூன்று காரணங்களை எழுதிவைத்தார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே திசையில் ஓயாமல் அசைப்பது, பிழை வந்துவிடுமோ என்று மனம் ஓயாமல் பதறுவது. கொள்கலன் எண்ணைச் சரிபார்க்கும் ஒவ்வொரு மாலையும் அந்த மூன்றாவதை நான் நினைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு பயம் இருக்கும்: இதைத் தொடங்கினால் ஆளாளுக்கு விலை உயர்ந்த மேசை கேட்பார்களே என்று. எனக்குத் தேவைப்பட்டது, அலமாரியில் ஏற்கெனவே இருந்த இரண்டு கட்டுத் தாள். பிறகு நிறுவனம் நல்ல கால்பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தது, அதற்கு நன்றி. ஆனால் அதற்கு மருத்துவர் கடிதம் கேட்டார்கள். நரம்பு நசுங்கியதற்குச் சான்று காட்டிய பிறகுதான் காலுக்குத் தரை கிடைக்கும் என்றால், வலியை இன்னும் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஒப்பந்த ஊழியர்கள், புதிதாக வந்தவர்கள், வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் காத்திருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும்.

வரும் திங்கட்கிழமை எங்கள் பிரிவில் ஒரு பெண் புதிதாகச் சேர்கிறார். நேர்காணலுக்கு வந்தபோது பார்த்தேன். என்னைவிட ஒரு விரற்கடை குட்டை. அன்று காலை பதினைந்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார என் மேலாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பழைய தாள் கட்டுகளை இன்னும் தூக்கி எறியவில்லை; நாடாவை மட்டும் புதிதாக ஒட்டி அவருடைய மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
சரக்கு ஆவணப் பிரிவு ஊழியர் ஒருவர்,
தெம்பனிஸ், சிங்கப்பூர்