மருமகளை ஆடியோவுக்கு அனுப்பு

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். எனக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. ராத்திரி ஷூட்டிங்கைக் குறைத்துக்கொண்டதால் தூக்கமும் பரவாயில்லை.

மருமக விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்துவிட்டு டி.வி. ஷோவில் சேரணும் என்கிறாள், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அனுப்பு. ஆனால் ஆங்கர், அசிஸ்டென்ட் டைரக்டர் என்று எல்லாரும் போய் நிற்கிற வரிசையில் அவளை நிறுத்தாதே. நான் இருக்கிற ஆடியோவுக்கு, ஒலிப்பதிவு வேலைக்கு அனுப்பு.

கெஸ்ட், காரிலிருந்து இறங்கி, கேரவனில் மேக்கப் முடித்து, மேடை ஏறுவதற்கு முன்னால் கடைசியாக அவர் பக்கத்தில் போகிற ஆள் நான்தான். லேப்பல் மைக்கை, அதாவது துணியில் குத்துகிற குட்டி மைக்கை, நெஞ்சுக்குக் கிட்டே குத்தி, வயரைத் துணிக்குள் விட்டு, ஒலியை வயரில்லாமல் அனுப்புகிற டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் சொருகணும். ஆம்பளைச் சட்டை என்றால் அரை நிமிஷ வேலை. பட்டுப் புடவையும் ஆரமும் என்றால் கதையே வேறு. பட்டு உரசினால் சரசரவென்று பதிவாகும். ஆரம் மைக்கில் பட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் டக் டக் என்று கேட்கும். அந்த எபிசோடையே பின்னால் சரிசெய்ய முடியாமல் போய்விடும். அதனால் இடம் பார்த்து டேப் ஒட்டித்தான் ஆகணும்.

சமீபத்தில் ஒரு மூத்த நடிகை வந்திருந்தார். பள்ளிக்கூடம் போகிற வழியில் போஸ்டரில் நாம் பார்த்த முகம். நான் மைக்கோடு கிட்டே போனதும் சிரித்தபடியே ஓரடி பின்னால் நகர்ந்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நான் மைக்கைக் காஸ்ட்யூம் அக்கா கையில் கொடுத்துவிட்டுத் திரைக்கு வெளியே நின்று, எங்கே குத்தணும், வயரை எந்தப் பக்கம் இறக்கணும் என்று சொல்லச் சொல்ல அந்த அக்கா மாட்டினார். நேரம் பிடித்தது, ஃப்ளோர் மேனேஜர் கையைப் பிசைந்தார். ஆனால் அந்த அம்மா வெளியே வந்தபோது முகம் அத்தனை தெளிவாக இருந்தது. இத்தனை பெரிய யூனிட்டில் ஆடியோவில் ஒரு பெண்கூட இல்லை, மாப்ளே. பாட வருகிற சின்னப் பிள்ளைகள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்கும்போது எனக்கு மனசு ஆறவே இல்லை. மைக் மாட்டத் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் போதும், அந்தக் குறுகல் இருக்காது.

மாட்டியாச்சு என்றால் அடுத்தது கேட்கிற வேலை. மேடைக்குப் பின்னால் நிற்கிறவருடைய மூச்சுகூட என் ஹெட்போனில் விழும். ஒரு பாடகர், ஊரறிந்தவர், பெயர் வேண்டாம். உள்ளே அவர் பெயரைச் சொல்லிக் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, இங்கே அவருக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. கூட வந்த மனைவியிடம், “ரெண்டாவது சரணம் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது” என்று முணுமுணுத்தார். நான் ஃப்ளோர் மேனேஜரிடம் காரணம் சொல்லாமல், முன்னால் ஒரு ஸ்டாண்டில் பாட்டு வரிகளை வைக்கச் சொன்னேன். அவர் அதைப் பார்க்காமலே பாடி முடித்தார். அது அங்கே இருக்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. வீட்டுச் சண்டை, கடன், மாத்திரை நேரம், எல்லாமும் காதில் விழும். சொந்தப் பேச்சு தொடங்கினால் உடனே ஃபேடரை, அந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானை, இறக்கிவிடணும். அதற்கு முன் காதில் விழுந்ததை வெளியே பேசக் கூடாது. நம்ம மருமக வாய் அடக்கமானவள். அந்தக் குணம்தான் இந்த வேலைக்கு முதல் தகுதி.

1982-ல் கொழும்பில் ரூபவாகினி என்ற இலங்கை டி.வி. வந்த பிறகு, மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, முகம் காட்டாமல் கைதட்டுகிற கூட்டம் யார் என்று அப்போது என்னைப் போட்டுத் துளைப்பாய். அந்த ஊர் கதை எனக்குத் தெரியாது, எங்கள் ஃப்ளோர் கதையைச் சொல்கிறேன். முக்கால்வாசி பெண்கள், கூலிக்கு வேனில் அழைத்து வருகிறார்கள். வெளிர் நிறத்தில் உடுத்தி வந்தவர்கள் பின்வரிசைக்குப் போவார்கள். ஒரே நாளில் ரெண்டு எபிசோடு என்றால் நடுவில் இடம் மாற்றி உட்கார வைப்போம். கெஸ்ட் வந்து போன பிறகும் அவர்களுக்கு வேலை முடியாது. வெறும் கைதட்டல், வெறும் சிரிப்பு, ஆச்சரியப்படுகிற முகம் என்று தனித்தனியாக எடுப்போம். எடிட்டில் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். எல்.இ.டி. திரையும் லைட்டும் சூடாகாமல் இருக்க ஏ.சி.யைக் கடுமையாக வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் வயசான அம்மாக்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். கேரவனுக்குப் பழச்சாறு போகிற நேரத்துக்கு அவர்களுக்கு டீ போகணும் என்று புரொடக்‌ஷனில் நான் சண்டை போடுகிறேன். சில நாள் போகிறது, சில நாள் இல்லை. நான் விடப்போவதில்லை.

பாதுகாப்பைக் கேட்டிருந்தாய். மறைக்க மாட்டேன். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு சினிமா செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து மேலே லைட் கட்டும்போது கீழே யாராவது நின்றால் நான் கத்திவிடுவேன். பெண் பிள்ளைக்கு வேறு கவலைகளும் உண்டு. 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை மலையாள சினிமாவில் பெண்கள் படுகிற பாட்டைப் பற்றியதுதான். ஆனால் செட்டில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள் என்று அதில் வருகிறதே, அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. ஆகவே சேருவதற்கு முன் மூன்று கேள்விகளை அவளே கேட்கட்டும்: பெண்களுக்குத் தனிக் கழிப்பறை எங்கே, ராத்திரி ஷூட்டிங் முடிந்தால் வீட்டில் விட வண்டி உண்டா, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆகணும். பதில் சொல்லத் தயங்குகிற கம்பெனியில் சேர வேண்டாம்.

முறையாகப் படிக்கணும் என்றாலும் வழி இருக்கிறது. தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே படிப்பு உண்டு. அதற்கு முன் ஒரு ஷூட்டிங்கை முழுசாக உட்கார்ந்து பார்க்கட்டும். மேடையைப் பார்த்து மயங்குகிற பிள்ளையா, மேடைக்குப் பின்னால் நிற்கப் பிடிக்கிற பிள்ளையா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

புரட்டாசியில் தீபாவளி ஸ்பெஷல் எடுக்க ஆரம்பிப்பார்கள். திருச்செந்தூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். தங்குவது என் வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை. நீயும் கூட வா. ஒரு ஸ்வெட்டர், மூடின ஷூ எடுத்துவரச் சொல். கையில் வளையல் வேண்டாம், மைக் மாட்டும்போது சத்தம் போடும். தங்கச்சி கோபித்துக்கொள்ளாமல் இருக்க இதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்