மாரி முழுக்கத் தோட்டத்தோடு நின்றவர்களுக்கு

அன்பான உறவுகளே,

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை, எங்கள் சனசமூக நிலையக் காணியிலுள்ள பொதுத்தோட்டத்தின் எல்லாத் துண்டுகளிலும் கத்தரியும் பயிற்றையும் வெண்டியும் ஆய்ந்தோம். தங்கள் வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தைச் சந்தைக்கும் கொடுத்தார்கள் சிலர். இந்த மாரியில் அது நடக்கும் என்று கார்த்திகை மாதத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். நடந்ததற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் உதவி செய்ததே தெரியாது. ஏனென்றால் சிலர் செய்த உதவி, ஒன்றைச் செய்யாமல் விட்டது. அதையும் சேர்த்து எழுதத்தான் இந்த மடல்.

வன்னிக்கு வருகிற மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். தைப்பொங்கலோடு வெயில் விழ, நிலத்தின் ஈரம் போகமுன்னம் மரக்கறியை நட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை தையிலும் கொட்டியது, பங்குனி வரைக்கும் இடைக்கிடை வந்து எட்டிப்பார்த்தது. எங்கள் செங்கபில மண்ணைத் தெரியும்தானே. காய்ந்தால் அலவாங்கு வேண்டும், நனைந்தால் காலில் போட்ட செருப்பைத் திருப்பித் தராது. அதில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும்.

முதல் நன்றி, வாய்க்கால் வெட்டியவர்களுக்கு. 2024 கார்த்திகை (நவம்பர்) கடைசியில், பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைக்கப்பட்ட தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாக மேலே நகர்ந்தபோது எங்கள் சின்னக்குளம் நிரம்பி வான் பாய்ந்தது. 2018 மார்கழியில் (டிசம்பர்) இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவு இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பிள்ளைகளையும் சமையல் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிய குடும்பங்கள் எங்களுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே வெள்ளம் என்றதும் அவரவர் தன் வீட்டைப் பார்ப்பதுதான் நியாயம். அப்படியிருந்தும் தோட்டத்தின் பள்ள மூலையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டு முதலில் வந்தவர்கள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். கார்த்திகை 25 இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை வெள்ளத்தால் 27 இல் நிறுத்தப்பட்டு, மார்கழி 4 இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் வீட்டில் படிக்கவென்று விட்டிருந்த பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் பெற்றோரிடம் திட்டு வாங்கியதும் எனக்குத் தெரியும். அந்தப் பள்ள மூலையின் மூன்று துண்டுகளும் இன்று பச்சையாக இருப்பது உங்களால்.

அவர்கள் வெட்டிய வாய்க்கால் போய்ச் சேர வேண்டிய மதகு அடைத்துப்போய் இருந்தது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் போத்தலும் யாருடையதோ மெத்தையும். கிழக்கு வளவு ஐயா எழுபதைத் தாண்டியவர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நீளத் தடியால் துழாவி, அடைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எடுப்பித்தார். லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வைத்திருக்கும் தம்பி கயிறு கட்டி அந்த மெத்தையை இழுத்துப் போட்டார். டீசலுக்குக் காசு நீட்டியபோது வாங்கவில்லை.

இந்த இடத்தில் இன்னும் ஒரு நன்றி. இருட்டில், தண்ணீருக்குள், எங்கே வெட்டுகிறோம் என்று பாராமல் மண்வெட்டியை ஓங்க எங்களால் முடிந்தது. யுத்தம் முடிந்து திரும்பி வந்த காலத்தில் இதே காணியில் காலை வைக்கவே பயந்தோம். முகக்கவசத்தோடு கொதிக்கும் வெயிலில் முழங்காலில் இருந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைத் தேடிப் பார்த்த கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களுக்கு இந்த நன்றி. அவர்களில் பலர், குடும்பத்தைத் தனியாகச் சுமந்த பெண்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு நாற்றுமேடை வெறும் சேறு. மிளகாய், தக்காளி நாற்று எல்லாம் அடித்தண்டு கறுத்துச் சரிந்துவிட்டது. எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர், தன் வீட்டு முற்றத்திலேயே வெள்ளம் நிற்கும்போது சைக்கிளில் வந்து பார்த்தார். மேடையை ஓரடிக்கு உயர்த்தி, வைக்கோலையும் உமியையும் படை படையாகப் பரப்பி எரித்துவிட்டுப் போடுங்கள், மண்ணில் இருக்கிற அழுகல் பூஞ்சணம் சூட்டில் போய்விடும் என்றார். சரி, அந்த மழைக்குள் காய்ந்த வைக்கோலுக்கு எங்கே போவது? மாட்டுக்கென்று கொட்டிலின் பரணில் சேர்த்து வைத்திருந்த வைக்கோலை ஆச்சி தானாகவே இறக்கித் தந்தா. அடுத்த மழைக்கு மாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அது அப்ப பாப்பம் என்றா. விதை முளைக்கும் வரை காத்திருக்க முடியாத துண்டுகளுக்கு நாற்றுத் தட்டுகளை யாழ்ப்பாணத்திலிருந்து தன் காலடியில் வைத்துக் கொண்டுவந்து பரந்தன் சந்தியில் இறக்கிய பஸ் நடத்துநர் அண்ணைக்கும் நன்றி. ஒரு நாற்றும் முறியவில்லை.

அப்புறம் நத்தை. ஆபிரிக்க நத்தையை யாழ்ப்பாணத்துப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த மாரியோடு எண்ணத்தை மாற்றியிருப்பார்கள். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பப்பாசிக் கன்றை ஒரே இரவில் குச்சியாக்கிவிடும். உப்புக் கொட்டலாம் என்றார்கள் சிலர், மருந்து உருண்டை போடலாம் என்றார்கள் வேறு சிலர். உப்பு, மண்ணில் தங்கிப் பயிரைக் கெடுக்கும். அந்த உருண்டையை நாய் தின்றாலும் சாகும். பொடியன்கள் வேறு வழி பிடித்தார்கள். நனைத்த சாக்குக்குக் கீழே பப்பாசி இலையையும் பூசணித் தோலையும் வைத்துவிட்டு, விடியப் போய்ச் சாக்கைப் புரட்டினால் அடியில் அப்பியிருக்கும். கையில் உறை போடாமல் தொட வேண்டாம், அதில் மூளைக்காய்ச்சலைத் தருகிற புழு இருக்கும் என்று சொல்லிக் கொடுத்து, கையுறையும் வாங்கித் தந்த எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியைக்கு நன்றி. பொறுக்கியதை ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டோம்.

நஞ்சு போடாமல் விட்டதற்குப் பலன் கிளிசறியா வேலியடியில் தெரிந்தது. ஒருநாள் காலையில் அங்கே உடைந்த நத்தை ஓடுகள் குவியலாகக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் செண்பகம். செப்பு நிறச் செட்டை, இரத்தச் சிவப்பான கண். பறக்க மனமில்லாததுபோல வேலியடியில் நடந்து நடந்து வந்து, ஒரு நத்தையைக் கவ்வி, வேரோடு சேர்த்து அடித்து, ஓட்டின் பக்கத்தைத் துளைத்துச் சதையை இழுத்தது. பிறகு நாளாந்தம் வந்தது, சோடியையும் கூட்டிக்கொண்டு. மருந்து உருண்டைப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, எங்களுக்காக அதைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பிக் கொடுத்த தெற்குத் துண்டு அண்ணைக்கு என்னுடையதோடு சேர்த்துச் செண்பகத்தின் நன்றியும் உரியது.

தண்ணீர்த் தொட்டிக் கதையையும் சொல்ல வேண்டும். மார்கழியில் சீமெந்துத் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், வெள்ளையாக ஒரு நுரைக் கட்டி ஒட்டியிருந்தது. யாரோ சவர்க்கார நுரையை அப்பிவிட்டார்கள் என்று கழுவப் போனோம். அது மரத்தவளையின் கூடு. மேற்புறம் காய்ந்து பொருக்காக இருக்கும், உள்ளே ஈரத்தில் முட்டைகள். சில நாளில் நுரை இளகி, வால்பேத்தைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் சொட்டின. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் டெங்குப் பரிசோதனைக்கு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். தேங்கிய தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்வது அவருடைய கடமை, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் குந்தியிருந்து தொட்டியை நேரம் எடுத்துப் பார்த்தார். மற்ற எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிடுங்கள், இந்த ஒன்றை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருக்கால் வடித்துப் பார்த்துக் குடம்பிகளை எடுங்கள், நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும், அதற்குள் பிடித்தால் போதும் என்றார். பிள்ளைகள் தேத்தண்ணி வடியை எடுத்துக்கொண்டு முறை போட்டுச் செய்தார்கள். அடுத்த பரிசோதனையில் ஒரு குடம்பியும் இல்லை. இன்றைக்கு அந்தத் தவளைகள் வாழைச்சருகுக்குள் பூச்சி பிடித்துக்கொண்டு இருக்கின்றன.

அதே மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. சேற்றுக்குள் வேலை செய்கிற எங்களுக்கும் பயம்தான். யார் யாருக்கு டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்து தேவை என்று வீடு வீடாக வந்து விசாரித்து ஒழுங்கு செய்த சுகாதாரப் பணியாளர்களுக்கு நன்றி. எலி பிடிக்கச் சம்பளமில்லாத வேலைக்காரராக ஒரு சாரைப்பாம்பு எங்கள் காணியிலேயே இருக்கிறது. மயிலையும் மந்தியையும் மறிக்க முல்லைத்தீவுச் சம்மாட்டி (மீன்பிடிப் படகுச் சொந்தக்காரர்) ஒருவர் பழைய வலை தந்து உதவியிருந்தார். அந்த வலையில்தான் சாரை ஒருநாள் சிக்கியது. இழுக்க இழுக்க நைலோன் இறுகி, செதிலுக்குள் இறங்கிவிட்டது. பாம்பு என்றால் தடி எடுக்கிற ஊர் இது. புடையன் கடித்துப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடும் இருக்கிறது, ஆகவே அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அடிக்காதேங்கோ, இது சாரை என்று முன்னால் வந்து நின்றவன் பத்தாம் வகுப்புப் பொடியன். ஈரச் சாக்கால் தலையை மூடி, தையல் கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக நறுக்கி எடுத்தான். அவிழ்ந்ததும் அது வெண்டிப் பாத்திக்குள் போய் மறைந்தது. வலையை நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திக் கட்டுவோம் என்று யோசனை சொன்னதும் அவன்தான். அதன் பிறகு ஒன்றும் சிக்கவில்லை.

பெயர் எழுத எனக்கு விருப்பமில்லை, வாழைத் துண்டு அக்கா என்றே சொல்கிறேன். ஒவ்வொரு விடியலும் சருகு கூட்டி எரிப்பது அவவின் பழக்கம். இந்த மாரியில் மட்டும் விடுங்கோ அக்கா, மழை மண்ணைக் கரைக்காமல் சருகு பிடிக்கும் என்று கேட்டோம். முற்றம் குப்பையாய்க் கிடக்குது என்று மனவருத்தப்பட்டாலும் விட்டா. ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகுக்குள்ளேதான் மாரி முழுக்க இருந்தது. கட்டை வால், பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் புழு எடுக்கும். விடியலிலும் மைம்மலிலும் கூப்பிடும். சித்திரை பிறக்கமுன்னமே குரல் நின்றுவிட்டது, திரும்பிப் போயிருக்கும். அக்கா, ஐப்பசிக்கும் அந்தச் சருகை விட்டு வையுங்கோ.

2025 பங்குனி (மார்ச்) 15 காலை 8 மணிக்கு, நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணியபோது எங்கள் தோட்டத்திலும் நின்று எண்ணிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. அந்தக் கணக்கைப்பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். மந்தியால் தேங்காயை இழந்தவருக்குக் கோபம் வருவது சரிதான். ஆனாலும் எங்கள் பிள்ளைகள் கையில் பென்சிலோடு மரத்தை அண்ணாந்து பார்த்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் கனடாவிலிருந்து காசு அனுப்பிய சித்தப்பா, கட்டாக்காலி மாடுகளை இரவில் விரட்டிய முன்வீட்டார், வேலை நடந்த நாளெல்லாம் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்த மாதர் சங்கத்தினர், எல்லோருக்கும் நன்றி.

பயிற்றையும் பூசணியும் கறுப்புக் கத்தரியும் விதைக்கு விட்டுக் காயப்போட்டிருக்கிறோம். உதவிய எல்லா வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் சனசமூக நிலையத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வரும்போது ஒரு கடதாசிப் பையும் கொண்டுவாருங்கள். மதகடியைப் புரட்டாதியில் துப்புரவாக்குகிறோம். கிழக்கு வளவு ஐயா தண்ணீருக்குள் இறங்கத் தேவையில்லை, கரையில் கதிரை போட்டுத் தருகிறோம், இருந்து இடம் காட்டினால் போதும்.

அன்புடன்,
பொதுத்தோட்டக் குடும்பங்களின் சார்பில்